முதலில் சுமை, அடுத்து சரிவு, கடைசியில் சிசி: பெரிய குவாட் பைக் வாங்குமுன்

தென்னாப்பிரிக்காவின் டொங்காட், வெருலம், ஸ்டாங்கர் பக்கம் கரும்பு போடும் நம் குடும்பங்களில் நான்கு சக்கரக் குவாட் பைக் வாங்கும் பேச்சு எழுந்தால் முதல் கேள்வி "எத்தனை சிசி?" என்பதாகவே இருக்கிறது. அதற்கான விடை கடைசியில் தானாக வந்துவிடும். முதலில் ஒரு தாளை எடுத்து இரண்டு எண்களை எழுதுங்கள். வண்டி ஒரே நேரத்தில் தாங்க வேண்டிய அதிகபட்ச எடை எத்தனை கிலோ? அந்த எடையோடு ஏறி இறங்க வேண்டிய மிகச் செங்குத்தான சரிவு எத்தனை பாகை? சரிவைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். ஒரு நேரான பலகையை நிலத்தில் வைத்து, அதன்மேல் கைபேசியின் மட்டமானியை வைத்துப் பாருங்கள். ந்ட்வெட்வே, இனாண்டா பக்கத்து மேடுகளில் "பெரிய சரிவில்லை" என்று எல்லோரும் சொல்லும் இடம் 20 பாகை காட்டும். பெரிய குவாட்களின் கையேடுகள் ஏறலாம் என்று தரும் உச்ச வரம்பு, தயாரிப்பாளரைப் பொறுத்து 15 முதல் 25 பாகைக்குள்தான் இருக்கிறது. அதுவும் நேராக ஏறி இறங்குவதற்கு. சரிவில் குறுக்காகப் போவது வேறு கணக்கு.

சுமைக் கணக்கை ஒரு வண்டியை வைத்தே பார்ப்போம். யமஹா கிரிஸ்லி 700: 686 சிசி, ஒற்றை சிலிண்டர். முன் கேரியரில் 50 கிலோ, பின் கேரியரில் 90 கிலோ ஏற்றலாம். 600 கிலோ வரை இழுக்கலாம். ஓட்டுபவர் 80 கிலோ என்றால், இரண்டு கேரியரும் நிறைந்ததும் மொத்தம் 220 கிலோ. இந்த அளவு வண்டிகளின் மொத்தச் சுமை வரம்பு பெரும்பாலும் 200 முதல் 260 கிலோவுக்குள் அடங்கிவிடும். இப்போது களைக்கொல்லி அடிக்க 100 லிட்டர் தொட்டியைப் பின்னால் வைக்கிறீர்கள். தண்ணீர் மட்டும் 100 கிலோ. தொட்டி, பம்பு, குழாய், தெளிப்புக் கம்பி எல்லாம் சேர்ந்து இன்னும் 20 கிலோ. பின் கேரியரின் வரம்பு அங்கேயே 30 கிலோ தாண்டிவிட்டது. தாண்டியதன் பலன் அன்றே தெரியாது. சில மாதத்தில் கேரியர் பொருத்தும் தாங்கிகளில் விரிசல் வரும், பின் ஷாக் எண்ணெய் கசியும். அதைவிட மோசம், மேடு ஏறும்போது முன்சக்கரம் எடையிழந்து ஸ்டீயரிங் பிடிப்பில்லாமல் போகும்.

எனவே கேரியரில் 60 லிட்டர் தொட்டிக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் தேவையென்றால் இழுவைத் தெளிப்பான் வாங்குங்கள். தொட்டிக்குள் தடுப்புத் தகடு இருக்கிறதா என்று பாருங்கள். நிறைந்த தொட்டியைவிடப் பாதித் தொட்டிதான் ஆபத்து; திரும்பும்போது தண்ணீர் முழுவதும் பள்ளத்துப் பக்கம் ஓடிச் சாய்க்கும். ஒரு தொட்டி எவ்வளவு நிலத்துக்கு வரும் என்பதற்குக் கணக்கு எளிது. நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வெளியேறுகிறதோ அதை 600-ஆல் பெருக்கி, வேகத்தையும் (மணிக்குக் கிலோமீட்டர்) தெளிப்பு அகலத்தையும் (மீட்டர்) பெருக்கி வரும் எண்ணால் வகுத்தால் எக்டேருக்கு எத்தனை லிட்டர் என்று கிடைக்கும். நிமிடத்துக்கு 4 லிட்டர், 6 கிலோமீட்டர் வேகம், 2 மீட்டர் அகலம் என்றால் எக்டேருக்கு 200 லிட்டர். அப்படியானால் 60 லிட்டரில் 0.3 எக்டேர்தான் முடியும். ஒரு நாளைக்கு எத்தனை முறை தண்ணீர் பிடிக்க வர வேண்டும் என்பதும் இதிலேயே தெரிந்துவிடும்.

வாங்குமுன் கரும்புப் பார் இடைவெளியையும் டேப் வைத்து அளந்துவிடுங்கள். பெரிய குவாட்டின் அகலம் 1.2 மீட்டருக்குச் சற்றுக் கூடுதல். பார் இடைவெளி அதற்குக் குறைவென்றால் வண்டி மறுதாம்புக் கட்டைகளை மிதித்துக்கொண்டுதான் போகும். அப்படிப்பட்ட நிலத்தில் குவாட்டின் வேலை தீத்தடுப்புப் பாதையிலும் வரப்புச் சாலையிலும் முடிந்துவிடுகிறது. உள்ளே முதுகுத் தெளிப்பான்தான்.

பெல்ட்டா, கியரா

வேலை வண்டியின் ஆயுளைத் தீர்மானிப்பது இந்தத் தேர்வுதான். யமஹாவின் கிரிஸ்லி, கோடியாக், போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன், கேன்-ஆம் அவுட்லேண்டர், சுசுகி கிங்குவாட் எல்லாம் இரண்டு புல்லிகளுக்கு இடையே ரப்பர் பெல்ட் ஓடித் தானாகவே விகிதம் மாறும் சிவிடி வண்டிகள். ஹோண்டாவின் ஃபோர்மேன், ரூபிகான் வண்டிகளில் அந்தப் பெல்ட் கிடையாது, பல்சக்கர கியர்தான். நாள் முழுவதும் நடைவேகத்தில் பாரம் இழுக்கும் வேலை என்றால் ஹோண்டாவின் கியரே மேல் என்பது எங்கள் உறுதியான கருத்து. பழைய ரூபிகான் வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2001 முதல் 2014 வரை வந்தவற்றில் இருப்பது எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ரோஸ்டாட்டிக் முறை. அது நல்ல முறைதான், ஆனால் எண்ணெய் மாற்றத்தில் அலட்சியத்தைப் பொறுக்காது. 2015 முதல் வந்தவற்றில் பல இரட்டைக் கிளட்ச் கியர்.

பெல்ட் வண்டிகளுக்குள்ளும் இரண்டு வகை உண்டு. யமஹாவிலும் கிங்குவாட்டிலும் எண்ணெயில் மூழ்கிய மையவிலக்குக் கிளட்ச் தனியாக இருக்கிறது. பெல்ட் எப்போதும் இறுக்கமாகவே ஓடும். வண்டி நகரத் தொடங்கும்போது வழுக்குவது கிளட்ச்தான், பெல்ட் இல்லை. போலாரிஸ், கேன்-ஆம் போன்றவற்றில் பெல்ட்டைப் பிடித்து விடுவதையே கிளட்சாகப் பயன்படுத்தும் உலர் முறை பரவலாக உள்ளது. அதில் மெதுவாக ஊர்ந்து பாரம் இழுத்தால் ஒவ்வொரு தடவையும் பெல்ட் கொஞ்சம் தேயும். இறங்கும்போதும் வித்தியாசம் தெரியும். நான்கு சக்கர இழுவையில் உள்ள கிரிஸ்லியில் ஆக்சிலேட்டரை விட்டதும், வேகத்தைத் தடுக்கும் இன்ஜின் பிடிப்பு நான்கு சக்கரத்துக்கும் போகும். உலர் பெல்ட் வண்டியில் அந்த ஏற்பாடு தனியாக இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் வேகம் குறையக் குறையப் பெல்ட் விடுபட்டு, சரிவின் நடுவில் வண்டி தன் போக்கில் உருளத் தொடங்கும்.

பெல்ட் கருகுவதற்குப் பெரும்பாலும் ஓட்டும் முறையே காரணம். உயர் கியரில் வைத்துக்கொண்டு டிரெய்லரை இழுப்பது முதல் தவறு. மணிக்கு 15 கிலோமீட்டருக்குக் குறைவாக ஓட்டினாலோ பாரம் இழுத்தாலோ குறைந்த கியர் போடுங்கள். இரண்டாவது, சேற்றில் சிக்கிய வண்டியை ஆக்சிலேட்டரால் மீட்கப் பார்ப்பது. சக்கரம் அசையாமல் புல்லி மட்டும் சுற்றும்போது பெல்ட்டின் ஒரே இடம் தேய்ந்து குழிந்துவிடும். அதன்பிறகு ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் "டக் டக்" என்று உதைக்கும். வண்டியை வடத்தால் இழுத்து மீட்கும் வின்ச் இருப்பது அதற்காகத்தான். மூன்றாவது, ஓடையைக் கடக்கும்போது பெல்ட் உறைக்குள் தண்ணீர் போவது. அப்போது இன்ஜின் இரையும், வண்டி நகராது. உறையின் அடியில் வடிகால் திருகு இருக்கும். அதைத் திறந்து தண்ணீரை வடித்து, நியூட்ரலில் சில நிமிடம் மிதமாக ஓடவிட்டால் பெல்ட் காய்ந்துவிடும்.

பெல்ட் மாற்றுவதைத் தோட்டத்திலேயே செய்யலாம். வண்டி நன்றாக ஆறட்டும். கால்மிதியையும் பக்கத்துப் பிளாஸ்டிக்கையும் கழற்றி, உறையின் போல்ட்டுகளை எடுங்கள். அவற்றின் நீளம் ஒன்றுபோல் இருக்காது. அட்டைத் துண்டில் உறையின் வடிவம் வரைந்து அதிலேயே குத்தி வைத்தால் திரும்பப் போடும்போது குழப்பமிருக்காது. வண்டியோடு வரும் விரிப்புத் திருகால் பின் புல்லியை விரித்தால் பெல்ட் தளர்ந்து வெளியே வரும். பெல்ட் துண்டு துண்டாக அறுந்திருந்தால் அதன் நார்கள் புல்லிக்குப் பின்னால் தண்டில் சுற்றியிருக்கும். அதை எடுக்காமல் மூடினால் எண்ணெய் சீல் கிழியும். புல்லி முகங்களை அசிட்டோனால் துடையுங்கள். எண்ணெயோ கிரீஸோ ஒரு சொட்டும் படக்கூடாது. புதுப் பெல்ட்டில் உள்ள அம்புக்குறி சுழலும் திசையைக் காட்ட வேண்டும். முதல் 80 கிலோமீட்டர் முழு ஆக்சிலேட்டரும் வேண்டாம், டிரெய்லரும் வேண்டாம். கம்பெனி பெல்ட் விலை அதிகம்தான், ஆனால் அகலத்தில் ஒரு மில்லிமீட்டர் மாறும் மலிவுப் பெல்ட் கியர் விகிதத்தையே மாற்றிவிடும்.

பின் அச்சும் பாதையைப் பொறுத்தது. ஒரே தண்டாக உள்ள பின் அச்சு சரிவில் சாய்வது குறைவு, பழுதும் குறைவு. தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள வண்டி கல்லும் டோங்காவும் (மழைநீர் அரித்த பள்ளம்) நிறைந்த பாதையில் முதுகைக் காப்பாற்றும். ஆனால் ஒரு பக்கச் சுமையில் கூடுதலாகச் சாயும், சிவி பூட், புஷ் என்று தேயும் பாகங்களும் அதிகம். நாளில் நான்கு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து ஓட்டுபவருக்கு நாங்கள் தனித்தனி சஸ்பென்ஷனையும் பவர் ஸ்டீயரிங்கையும் சேர்த்தே சொல்வோம். முன் டிஃப் லாக் (இரண்டு முன்சக்கரங்களும் ஒன்றாகவே சுழலும் பூட்டு) போட்ட வண்டியில் பவர் ஸ்டீயரிங் இல்லாவிட்டால் மாலைக்குள் மணிக்கட்டு வலி வந்துவிடும்.

காய்ந்த தோகையும் சூடான சைலன்சரும்

ஏப்ரலில் ஆலைகள் திறந்தால் டிசம்பர் வரை அரவை. அந்த மாதங்களில் கரும்புக்குள் குவாட் ஓட்டுபவர் எவரும் இதை மறக்கக் கூடாது. காய்ந்த தோகை வண்டியின் அடித்தகட்டுக்கும் சைலன்சருக்கும் இடையே சேர்ந்துகொள்ளும். ஓடும்போது காற்று படுவதால் ஒன்றும் ஆகாது. நிறுத்தியதும் சூடு மேலேறித் தோகை புகையத் தொடங்கும். வண்டியும் போகும், பக்கத்துக் காடும் போகும். எனவே வாங்கும்போதே அடியில் படுத்துப் பாருங்கள். சைலன்சர் குழாயைச் சுற்றிக் கை நுழைந்து சுத்தம் செய்ய இடம் இருக்கிறதா? வெப்பத்தகடு முழுதாக இருக்கிறதா? பொறி தடுக்கும் வலை சைலன்சருக்குள் இருக்கிறதா? சத்தத்துக்காக வலையில்லாத சைலன்சர் மாற்றிய வண்டி கரும்புக் காட்டுக்குள் வரவே கூடாது. ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் வெறும் மண்ணில் நிறுத்துங்கள், வளைந்த கம்பியால் தோகையை இழுத்து எடுங்கள், ஒரு தீயணைப்பான் கேரியரில் கட்டியே இருக்கட்டும்.

எரிந்த காட்டின் கரித்தூள் காற்று ஃபில்டரை மிக வேகமாக அடைக்கும். ஸ்பாஞ்ச் ஃபில்டரைப் பாரஃபினில் (மண்ணெண்ணெயில்) கழுவுங்கள்; பெட்ரோல் அதன் ஒட்டுகளைக் கரைத்துவிடும். முறுக்காமல் அழுத்திப் பிழிந்து, காய்ந்ததும் ஃபில்டர் எண்ணெய் தடவி மறுபடி பிழிய வேண்டும். பெட்டியில் உட்காரும் விளிம்பில் மெல்லிய கிரீஸ் பூசுங்கள். அந்த விளிம்பு வழியாக நுழையும் தூசிதான் ரிங்குகளையும் வால்வுகளையும் தின்கிறது. அரவைக் காலத்தில் 20 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை இதைச் செய்வது அதிகமில்லை.

டயர் விஷயத்தில் சுருக்கமாக. பக்கவாட்டில் முள் ஏறாதிருக்க 6 பிளை (ஆறு அடுக்குப் பலமுள்ள) டயர் போடுங்கள். காற்று வெறும் 4 முதல் 7 பிஎஸ்ஐதான், பெட்ரோல் பங்க் மீட்டர் அதைச் சரியாகக் காட்டாது. 0 முதல் 15 வரை காட்டும் தனி மீட்டர் வாங்குங்கள். இடது வலது டயர்களில் அரை பிஎஸ்ஐ வித்தியாசம் இருந்தாலே வண்டி ஒரு பக்கம் இழுக்கும். 25 அங்குல டயர் வந்த வண்டிக்கு 27 அங்குலம் மாட்டினால் கியர் விகிதம் 8 சதவீதம் உயரும். பெல்ட் சூடாகும், பிரேக் பலம் குறையும், எடைமையம் உயரும். சேற்று நிலம் தவிர வேறெங்கும் அதற்குத் தேவை இல்லை.

இழுவைக் கொக்கியிலும் ஒரு சிக்கல் உண்டு. நம் நாட்டு டிரெய்லர்கள் 50 மி.மீ பந்துக்கானவை. அமெரிக்கச் சந்தைக்கு வந்த துணைப்பாகங்களோடு 2 அங்குலப் பந்து, அதாவது 50.8 மி.மீ, வந்திருக்கலாம். 50 மி.மீ தலை அதன்மேல் முழுதாக உட்காராது. பூட்டிவிட்டதுபோல் தோன்றும், குலுங்கினால் கழன்றுவிடும். பந்தின்மேல் பொறித்த எண்ணைப் படித்துப் பார்த்துவிட்டுப் பூட்டுங்கள். 600 கிலோ இழுக்கும் என்பது சமதளத்துக்கான எண். பிரேக் இல்லாத டிரெய்லரோடு சரிவில் இறங்கினால் டிரெய்லர் வண்டியைத் தள்ளி மடக்கிவிடும். 20 பாகைச் சரிவுக்குப் பாதி எடைக்கும் குறைவாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

கவிழ்வதைப் பற்றி

300 கிலோவைத் தாண்டும் வண்டி கவிழ்ந்து மேலே விழுந்தால், அடிபட்டு இறப்பவர்களைப் போலவே மூச்சுவிட முடியாமல் இறப்பவர்களும் உண்டு. ஆஸ்திரேலியா இதைச் சட்டமாகவே எடுத்துக்கொண்டது. 2021 அக்டோபர் 11 முதல் அங்கே விற்கும் புதிய வேலைக் குவாட்களில் ஓட்டுநரைக் காக்கும் கம்பி வளைவு கட்டாயம். பக்கவாட்டில் குறைந்தது 28.81 பாகை வரை சாய்த்தாலும் கவிழாதிருக்க வேண்டும் என்ற அளவும் வைத்தார்கள். அது அசையாத மேசையில் எடுத்த அளவு என்பதை மறந்துவிடாதீர்கள். ஒரு சக்கரம் கல்லில் ஏறி, மறு பக்கம் டோங்காவில் இறங்கி, பின்னால் பாதித் தொட்டி தண்ணீரும் இருந்தால் அந்தப் பாகையில் பாதி கூட மிஞ்சாது. நம் நாட்டில் அந்த வளைவு கட்டாயமில்லை. இருந்தாலும் வாங்குங்கள். இருக்கைக்குப் பின்னால் டோபாருடனும் (இழுவைக் கொக்கிச் சட்டம்) கேரியருடனும் பொருத்தும் வகை வேலைக்கு இடைஞ்சல் தராது.

வேலையாளுக்கு வண்டி கொடுத்தால் 1993-ஆம் ஆண்டின் 85-ஆம் எண் தொழில் பாதுகாப்புச் சட்டப்படி பொறுப்பு முதலாளியுடையது. இந்துனாவோ (மேற்பார்வையாளர்) மருமகனோ, யார் ஓட்டினாலும் முதலில் பயிற்சி, பிறகு சாவி. ஒற்றை இருக்கை வண்டியில் இரண்டாம் ஆள் ஏறவே கூடாது. குவாட்டைத் திருப்புவதே ஓட்டுபவர் உடலைச் சாய்ப்பதில்தான் இருக்கிறது, பின்னால் ஒருவர் உட்கார்ந்தால் அதற்கு இடமில்லை. 16 வயது ஆகாத பிள்ளைகளுக்குப் பெரிய வண்டி வேண்டாம். இரண்டு பேரும் 200 கிலோவும் தினமும் போக வேண்டிய தோட்டம் என்றால் குவாட் விளம்பரங்களை மூடிவிட்டு, கூண்டும் இருக்கைப் பட்டையும் உள்ள, இருவர் அருகருகே உட்காரும் சைட்-பை-சைட் பாருங்கள். பல கரும்புத் தோட்டங்களுக்கு அதுதான் சரியான வண்டி.

விளையாட்டுக்கு என்றால்

வேலைக்கும் வார இறுதிக்கும் ஒரே வண்டி என்று கேட்கிறார்கள். இரண்டு சக்கர இழுவை, செயின், கை கிளட்ச் உள்ள ஸ்போர்ட் குவாட்டில் கேரியரே கிடையாது. யமஹா ராப்டர் 700 கிரிஸ்லியின் 686 சிசி அளவே கொண்டது, ஆனால் எடை 190 கிலோவைச் சற்றே தாண்டும். ரிவர்ஸ் உண்டு, கீழ் வேகத்திலேயே இழுக்கும், தவறை மன்னிக்கும். யமஹாவின் ஒய்எஃப்இசட் 450ஆர் 449 சிசி. அகலம் அதிகம், வளைவில் உட்கார்ந்து ஓடும், ஆனால் மேல் வேகத்தில்தான் உயிர் பெறும், ரிவர்ஸும் இல்லை. மோட்டோகிராஸ் தடத்துக்கு 450, மிட்லேண்ட்ஸ் காட்டுப்பாதைக்கும் நீண்ட மணல்வெளிக்கும் 700. ராப்டரின் தொட்டி 11 லிட்டர்தான். மணலில் அது சீக்கிரம் தீரும், உபரிப் பெட்ரோலுக்கு முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும். நான்கு சக்கர இழுவையோடு வேகமும் வேண்டுவோருக்குக் கேன்-ஆம் ரெனகேட் 1000 இருக்கிறது, 976 சிசி. அனுபவமுள்ளவர் கைக்கு மட்டும்.

கடற்கரை மணலில் பொழுதுபோக்காக ஓட்டுவது 2002 ஜனவரி முதல் நாடு முழுவதும் தடை. கேப் டவுன் பக்கத்து அட்லாண்டிஸ் மணல்மேடுகளில் அனுமதிச்சீட்டு வாங்கி ஓட்டலாம். அங்கே உயரக் கொடிக்கம்பி இல்லாமல் மேடு ஏறாதீர்கள். மறுபக்கத்தில் வருபவருக்கு உங்கள் கொடிதான் முதலில் தெரியும். உயரத்தையும் கணக்கில் எடுங்கள். ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேல்; எந்த இன்ஜினும் அங்கே ஆறில் ஒரு பங்கு அளவுக்குச் சக்தி இழக்கும். கார்புரேட்டர் வண்டியை டர்பனில் இருந்து கொண்டுபோனால் அதில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டை மாற்றாமல் சரியாக ஓடாது. இன்ஜெக்ஷன் வண்டி எரிபொருளைத் தானே சரிசெய்துகொள்ளும்.

பழைய வண்டி பார்க்கப் போகும்போது

இன்ஜினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். போனதும் சைலன்சரைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்த இன்ஜின் எளிதாகக் கிளம்பி, நீலப் புகை விடாமல் இருந்தால் நல்ல அறிகுறி. ஃபில்டர் பெட்டியைத் திறந்து, ஃபில்டருக்கு உட்புறம் விரலால் தடவுங்கள். மண் ஒட்டினால் அந்த இன்ஜின் தூசி குடித்திருக்கிறது. விலை பேசாமல் திரும்பலாம். முன் பின் டிஃப் எண்ணெயைச் சொட்டு எடுத்துப் பாருங்கள். பால் நிறம் என்றால் தண்ணீர் புகுந்திருக்கிறது. முன்பக்கத்தைத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் அசைத்தால் பால் ஜாயிண்ட், பக்கவாட்டில் அசைத்தால் டை ராட், இரண்டிலும் ஆட்டம் என்றால் பேரிங். ஸ்போர்ட் வண்டியில் பின் அச்சு நட்டுகளைக் கவனியுங்கள். அவை தளர்ந்து ஓடியிருந்தால் அச்சின் பல்வரிகள் தேய்ந்திருக்கும். ஓடிய கிலோமீட்டரை மணி மீட்டர் காட்டும் இன்ஜின் ஓட்ட மணிகளால் வகுத்துப் பாருங்கள். மணிக்கு 5 கிலோமீட்டர் என்று வந்தால் நின்றபடியே பம்பு ஓட்டிய வண்டி, கிலோமீட்டரை மட்டும் பார்த்து விலை கொடுக்காதீர்கள். சேசிஸ் எண்ணைப் பதிவுத் தாளோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். தாள் இல்லாத வண்டி எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். வண்டி மாவட்டச் சாலையைக் கடக்க வேண்டியிருந்தால், சாலையில் ஓட்டத் தகுதிச் சான்று இருக்கிறதா என்பதையும், காப்பீடு அதை ஏற்குமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

புதிதோ பழையதோ, பெல்ட், பிரேக் பேட், வீல் பேரிங், ஃபில்டர் ஆகிய நான்கும் கடையில் கையிருப்பு உண்டா என்று கேட்டுவிடுங்கள். அரவை நடுவே மூன்று வாரம் பாகத்துக்குக் காத்திருக்கும் 1000 சிசி வண்டியைவிட, ஸ்டாங்கரிலேயே பாகம் கிடைக்கும் 500 சிசி வண்டி அதிக வேலை செய்யும்.

வண்டியை வீட்டுக்குக் கொண்டுவர டபுள் கேப் பக்கியை (பிக்கப் வண்டி) நம்ப வேண்டாம். அதன் பின்பெட்டி சுமார் 1.5 மீட்டர், குவாட் 2 மீட்டருக்கு மேல். சிங்கிள் கேபில் நீளம் போதும், ஆனால் சக்கர வளைவுகளுக்கு இடையே 1.1 மீட்டர் அளவே இருந்தால் வண்டி இறங்காது. டிரெய்லர்தான் வழி. நான்கு பட்டைகளால் மூலைக்கு ஒன்றாக, கேரியரில் கட்டாமல் சேசிஸிலும் சஸ்பென்ஷன் கைகளிலும் கட்டுங்கள். சிவிடி வண்டியை பார்க் கியரில் மட்டும் விட்டுவைக்காமல் கைப்பிரேக்கையும் போடுங்கள். 20 கிலோமீட்டர் போனதும் நிறுத்திப் பட்டைகளை மறுபடி இறுக்குங்கள். முதல் குலுக்கலில் அவை கட்டாயம் தளர்ந்திருக்கும்.